10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு எந்த பெல்லட்? பேட்ச் பார்த்து வாங்கும் முறை

கேள்வி இது: செம்பூரில் இருக்கிறோம். மகள் வொர்லி ரேஞ்சில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். 60 ஷாட்டுக்கு 600லிருந்து 610 வரை வருகிறது. கடையில் அதற்கான பெல்லட்டில் (சிறு ஈயக் குண்டு) ஒரே பிராண்டில் 4.49, 4.50, 4.51 மி.மீ. தலை விட்டம் என்று மூன்று விதமான டின் காட்டுகிறார்கள். எதை வாங்குவது? ஒவ்வொரு பெல்லட்டையும் எடைபோட்டுப் பிரிக்கச் சொல்கிறார்களே, அது அவசியமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டின்னில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. மூன்றிலும் ஒவ்வொரு டின் வாங்கி, உங்கள் மகளின் ரைஃபிளையே க்ளாம்பில் (அசையாத பிடிப்பானில்) கட்டிச் சுட்டுப் பாருங்கள். எது நன்றாக அடிக்கிறதோ, அந்த பேட்சிலேயே (ஒரே தயாரிப்புத் தொகுதியிலேயே) சீசன் முழுவதற்கும் வாங்கி வையுங்கள். எடைபோட்டுப் பிரிப்பது முக்கால்வாசி வீண் உழைப்பு. அந்த நேரத்தில் ஒவ்வொரு பெல்லட்டின் ஸ்கர்ட்டும், அதாவது பின்பக்க மெல்லிய விளிம்பும், நசுங்காமல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே அதைவிடப் பலன் கிடைக்கும்.

இனி காரணம். டார்கெட்டில் 10 என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளி. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. அதன் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைக்கும். அதாவது துளையின் நடு, டார்கெட்டின் நடுவிலிருந்து 2.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்குள் ஒவ்வொரு 0.25 மி.மீ. உள்ளே வரும்போதும் ஒரு டெசிமல் (0.1 பாயின்ட்) கூடும். 10.9 வேண்டுமென்றால் நடுவிலிருந்து கால் மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். 2013க்கு முன் தகுதிச் சுற்றில் டெசிமல் கணக்கு கிடையாது. 10.0 ஆனாலும் 10.9 ஆனாலும் பத்துதான். இந்திய ரைஃபிள் வீராங்கனை சுமா ஷிரூர் 2004இல் கோலாலம்பூரில் 400க்கு 400 எடுத்தது அந்தக் கணக்கில். அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றபோதும் தகுதிச் சுற்று முழு எண்ணில்தான், 596. இறுதிச் சுற்றில் மட்டும்தான் டெசிமல். மொத்தம் 700.5 எடுத்தார், வெள்ளி வென்றவர் 699.7. இப்போதோ தகுதிச் சுற்றின் முதல் ஷாட்டிலிருந்தே டெசிமல் எண்ணப்படுகிறது. அன்று கண்ணில் படாமல் போன அரை மில்லிமீட்டர் பிசகு இன்று ஒவ்வொரு ஷாட்டிலும் ஸ்கோரில் கழிகிறது. பெல்லட்டைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருப்பது அதனால்தான்.

ஆனால் எவ்வளவு கழிகிறது என்ற கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். க்ளாம்பில் 10 ஷாட் குரூப் (பத்துத் துளைகளின் கொத்து), அதிகம் விலகிய இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம், சராசரியாக 1.1 மி.மீ. வரும் பெல்லட்டை நல்லது என்று வைத்துக்கொள்வோம். 2.3 மி.மீ. வருவதைச் சுமார் என்று வைத்துக்கொள்வோம். பெல்லட்டின் சிதறல் சுடுபவரின் சிதறலோடு நேரடியாகக் கூடாது. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 620 பக்கம் சுடுபவருக்கு இந்த இரண்டு பெல்லட்டுக்கும் இடையே 60 ஷாட்டில் சுமார் 3 பாயின்ட் வித்தியாசம். 605 பக்கம் இருக்கும் உங்கள் மகளுக்குச் சுமார் இரண்டரை. 580 பக்கம் இருப்பவருக்கு ஒன்றரைதான். கை எவ்வளவு நிலைப்படுகிறதோ அவ்வளவுக்கு பெல்லட்டின் குறை வெளியே தெரியும். 580இல் இருக்கும் பிள்ளைக்கு பேட்ச் டெஸ்டிங்கில் பணமும் நேரமும் செலவழிப்பதைவிட, பொசிஷனிலும் ட்ரிகரிலும் செலவழிப்பது மேல். உங்கள் மகள் இருக்கும் இடத்தில் டெஸ்டிங் செய்யலாம், பலன் உண்டு.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரியும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 605 எடுக்கும் ஒருவர் பெல்லட், ரைஃபிள், உடல்நிலை எதுவும் மாறாமல் அடுத்தடுத்து இரண்டு மேட்ச் சுட்டாலும், ஸ்கோர் மூன்று நான்கு பாயின்ட் ஏறி இறங்குவது இயல்பு. பெல்லட்டால் வரும் வித்தியாசமோ இரண்டரை. ஆகவே "புது டின் போட்டேன், 609 வந்தது, இதுதான் ராசியான பெல்லட்" என்று ஒரு மேட்ச் ஸ்கோரை வைத்துச் சொல்வதில் அர்த்தமே இல்லை. பிள்ளை கையால் சுட்ட ஸ்கோரை வைத்து பெல்லட்டைத் தீர்மானிக்காதீர்கள். க்ளாம்ப் வேண்டும் என்று அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

ஹெட் சைஸுக்கு வருவோம். பெல்லட்டின் முன்பக்கத் தட்டையான தலை பேரலின் (குழலின்) ரைஃப்ளிங்கில், அதாவது உட்புறச் சுழல் வரிப்பள்ளங்களில், உட்கார்ந்து போகிறது. பின்பக்க ஸ்கர்ட் காற்றழுத்தத்தில் விரிந்து அடைக்கிறது. தலை சிறிதானால் பேரலுக்குள் சாய்ந்து உட்காரும் வாய்ப்பு கூடும். பெரிதானால் உள்ளே தள்ளும்போதே ஈயம் வழிக்கப்பட்டு உருவம் கெடும். பெரும்பாலான மேட்ச் பேரல்களுக்கு 4.49 அல்லது 4.50 பொருந்திவிடுகிறது. ஆனால் அது வெறும் தொடக்கப்புள்ளி. ஒரே கம்பெனியின் ஒரே மாடல் ரைஃபிள் இரண்டு, ஒரே பெல்லட்டை ஒரே மாதிரி விரும்புவதில்லை. டின்னில் 4.50 என்று போட்டிருந்தாலும், பெல்லட் செய்யும் அச்சு தேயத் தேய உண்மையான அளவு சற்று நகரும். அதனால் சைஸைவிட பேட்ச் எண்தான் முக்கியம். அது டின்னின் அடியிலோ ஓரத்திலோ ஸ்டிக்கரிலோ இருக்கும். சைஸ் ஒன்றாக இருந்து பேட்ச் வேறாக இருந்தால் அது வேறு பெல்லட் என்றே கணக்கு.

எடையைப் பொறுத்தவரை ரைஃபிளுக்கு 0.53 கிராம் வகைதான் வழக்கம். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் இரண்டிலும் ரைஃபிளுக்கென்று வருவது அந்த எடை. லேசான வகைகள் பிஸ்டலுக்கானவை. கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவதுண்டு, டின்னைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது டெஸ்டிங். ரேஞ்சில் கோச்சிடமும் ரேஞ்ச் ஆபீசரிடமும் முன்கூட்டியே சொல்லி, கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு ஓர லேனைக் கேளுங்கள். கனமான மேசையில் போல்ட் போட்டு முறுக்கிய பெஞ்ச் வைஸ் வேண்டும். மேசை ஆடினால் எல்லாமே வீண். வைஸின் தாடைக்குத் தோல் அல்லது ரப்பர் பட்டை வைத்து, ரைஃபிளை அதன் ஆக்‌ஷன் பகுதியில் (பேரல் பொருந்தியிருக்கும், பெல்லட் லோட் செய்யும் உலோக நடுப்பகுதி) பிடிக்க வேண்டும். பேரலைப் பிடித்தால் அது வளைந்து தப்புக் காட்டும். ஏர் சிலிண்டரைப் பிடிக்கவே கூடாது. அழுத்தம் குறையக் குறைய அது நுணுக்கமாக அசையும், தவிர பாதுகாப்புக்கும் ஆகாது. ஸ்டாக் ஸ்க்ரூ, பேரல் வெயிட், ஃப்ரன்ட் சைட் டியூப் எல்லாம் இறுகியிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். பேரல் ரேஞ்சின் பக்கமே நோக்கியிருக்க, எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். கார்டு மாற்றப் போகும்போது பேரலில் சேஃப்டி ஃப்ளாக் (உள்ளே பெல்லட் இல்லை என்று காட்டும் நாடா) இருக்க வேண்டும். க்ளாம்பில் கட்டியிருந்தாலும் இதில் சலுகை கிடையாது.

சுடுவதற்கு சாதாரணத் தாள் வேண்டாம், அது கிழியும். டார்கெட் கார்டிலேயே சுடுங்கள். தட்டைத் தலை பெல்லட் அதில் துளைப்பான் போட்டது போல் சுத்தமாக வெட்டும். ஒவ்வொரு குரூப்புக்கும் கார்டை நகர்த்தினால் போதும், ரைஃபிளைத் தொட வேண்டாம்.

ஒரு பேட்சுக்கு 10 ஷாட் வீதம் ஐந்து குரூப். பேட்ச் மாற்றும்போதெல்லாம் முதல் 10 பெல்லட்டைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள். முந்தைய பெல்லட்டின் ஈயப் படிவும் எண்ணெயும் போய், பேரல் புதிதற்குப் பழக அவ்வளவு வேண்டும். வரிசையும் முக்கியம். முதல் பேட்சை முழுக்க முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போனால், இடையில் வந்த வெப்பநிலை மாற்றமோ அழுத்த மாற்றமோ கடைசி பேட்சின் தலையில் விடியும். முதலில் 4.49, 4.50, 4.51 என்று இரண்டிரண்டு குரூப். பிறகு திரும்பி 4.51, 4.50, 4.49 என்று மும்மூன்று குரூப். ஆக 150 ஷாட், பழக்குவதற்கு இன்னொரு 50. ஏர் சிலிண்டரின் அழுத்தம் 200 பாரில் தொடங்கி 100 பாருக்குக் கீழே போகவிடாதீர்கள். திரும்பும் இடத்தில் காற்றை நிரப்பி, நிரப்பும்போது ஏறிய சூடு அடங்கப் பத்து நிமிடம் விட்டுத் தொடரலாம். இடைவெளி விட்டபின் வரும் முதல் இரண்டு ஷாட்டைக் குரூப்பில் சேர்க்க வேண்டாம். ரெகுலேட்டரில் (ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்று விடும் பாகம்) அழுத்தம் மெல்ல ஏறியிருந்தால் அந்த ஷாட்கள் வேகமாகப் போகும்.

யாராவது ஒருவர் டின்களுக்கு எண் மட்டும் போட்டு, எது எந்த சைஸ் என்று சுடுபவருக்கும் அளப்பவருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மனசுக்குப் பிடித்த டின்னின் குரூப்பை அளக்கும்போது வெர்னியர் தானாகக் கொஞ்சம் இறுகும்.

அளப்பது இப்படி. வெர்னியர் காலிப்பரால் குரூப்பின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை, அகலமான திசையில் அளங்கள். அதே கார்டில் ஒரே ஒரு ஷாட் சுட்ட துளையை அளந்து அதைக் கழியுங்கள். நேராக 4.5 மி.மீ. கழிக்காதீர்கள், கார்டில் துளை சற்றுச் சுருங்கித்தான் நிற்கும். எலக்ட்ரானிக் டார்கெட்டாக இருந்தால் ஸ்கோரைப் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு ஷாட்டின் எக்ஸ், ஒய் அளவுகளை எடுத்துக் கணக்கிடுங்கள். க்ளாம்பில் குரூப் டார்கெட்டின் ஓரத்தில் விழுந்தாலும் பிரச்சினை இல்லை. நமக்கு வேண்டியது சிதறல் மட்டும்.

5 ஷாட் குரூப் ஏன் கூடாது என்று கேட்கலாம். ரைஃபிளோடு கம்பெனி தரும் டெஸ்ட் கார்டே பெரும்பாலும் 5 ஷாட்தானே என்றும் கேட்கலாம். 5 ஷாட் குரூப்பின் அளவு எந்த மாற்றமும் இல்லாமலே கால் பங்கு மேலும் கீழும் ஆடும். ஒரே டின்னில் ஒன்று 0.8 என்றும் அடுத்தது 1.3 என்றும் வரும். அதில் சின்னதை எடுத்துக் காட்டினால் எந்த பெல்லட்டும் நல்ல பெல்லட்தான். 10 ஷாட் குரூப் ஐந்தின் சராசரி ஓரளவு உண்மையைச் சொல்லும். அப்படி எடுத்த சராசரியிலும் இரண்டு பேட்சுக்கு இடையே 20 சதவீதத்துக்குக் குறைவாக வித்தியாசம் இருந்தால் இரண்டும் ஒன்றுதான். அப்போது கடையில் எது அதிக டின் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். இன்னொன்று: அதே சிதறலுக்கு 10 ஷாட் குரூப் 5 ஷாட் குரூப்பைவிடச் சுமார் 1.25 மடங்கு பெரிதாகத்தான் வரும். கம்பெனி கார்டோடு ஒப்பிட்டுப் பார்த்து ரைஃபிள் கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள்.

என் கணக்கில் சராசரி 1.3 மி.மீ.க்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 1.3லிருந்து 1.8 வரை பயிற்சிக்குத் தாராளம். 2 மி.மீ. தாண்டினால் அந்த பேட்ச் அந்த ரைஃபிளுக்கு வேண்டாம்.

குரூப்பின் வடிவமும் பேசும். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் பெல்லட்டைத் திட்டுவதற்கு முன் வேகத்தைப் பாருங்கள். விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் பெல்லட் 10 மீட்டரைக் கடக்க 0.06 விநாடி ஆகிறது. அதற்குள் 18 மி.மீ. அளவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. வேகம் ஒரு சதவீதம் மாறினால் இறக்கம் இரண்டு சதவீதம் மாறும், அதாவது 0.36 மி.மீ. அது மட்டுமே ஒன்றரை டெசிமல். வேகம் 5 மீட்டர் குறைந்தால் ஒரு மில்லிமீட்டர் கீழே, நான்கு டெசிமல் போச்சு. குரோனோகிராஃப் (பெல்லட்டின் வேகம் அளக்கும் கருவி) கிடைத்தால் 20 ஷாட் வைத்துப் பாருங்கள். வேகம் ஏறி இறங்கினால் ரெகுலேட்டரை சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும், புது பெல்லட் அதைச் சரிசெய்யாது. இடம் வலமாக நீண்டால் க்ளாம்போ மேசையோ நகர்கிறது, அல்லது லீவரைத் திறந்து மூடும்போது ரைஃபிள் திருகிக்கொள்கிறது. இரண்டு தனித்தனிக் கொத்தாக விழுந்தால் ஏதோ ஒரு ஸ்க்ரூ லூஸ், பெரும்பாலும் பேரல் வெயிட் அல்லது ஃப்ரன்ட் டியூப். ஒன்பது ஒரே துளையில் விழுந்து ஒன்று மட்டும் தள்ளிப் போனால் அந்த ஒரு பெல்லட்டின் ஸ்கர்ட் நசுங்கியிருந்திருக்கும், அல்லது லோட் செய்யும்போது சாய்ந்து மாட்டியிருக்கும். மூன்று பேட்சுமே ஒரே மாதிரி உருண்டையாகச் சிதறினால் பேரலை ஃபெல்ட் பெல்லட் (பேரல் துடைக்கும் கம்பளித் துண்டு) போட்டுச் சுத்தம் செய்துவிட்டு, 20 ஷாட் பழக்கியபின் மறுபடி டெஸ்ட் செய்யுங்கள்.

எடைப் பிரச்சினை. ஜவேரி பஜாரில் நகைக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் மில்லிகிராம் தராசு சுலபமாகக் கிடைக்கும், அதனால் மும்பையில் இந்தப் பழக்கம் தொற்றிக்கொள்வது எளிது. பெல்லட்டின் எடை 2 சதவீதம், அதாவது ஒரு சென்டிகிராம், மாறினால் வேகம் சுமார் ஒரு சதவீதம் மாறும். மேலே சொன்ன 0.36 மி.மீ. அதுதான். நல்ல மேட்ச் டின்னில் பெரும்பாலான பெல்லட்டுகள் அந்த அளவில் கால் பங்குக்குள்தான் வேறுபடும். டார்கெட்டில் அது 0.1 மி.மீ. கூட வராது. ஒருமுறை டின்னிலிருந்து 30 பெல்லட் எடுத்து எடைபோடுங்கள். எல்லாம் 5 மில்லிகிராம் வீச்சுக்குள் இருந்தால் தராசை மூடி வைத்துவிடலாம். 0.01 கிராம் வரை மட்டும் காட்டும் சமையலறைத் தராசு இதற்கு உதவாது.

ஸ்கர்ட் வேறு கதை. அதன் சுவர் மெல்லியது, ஈயமோ மெது. டின்னைப் பையில் தூக்கிப் போட்டு லோக்கல் ரயிலில் தினமும் போய்வந்தால் பெல்லட்டுகள் ஒன்றோடொன்று மோதி விளிம்பு மடியும். மேட்சுக்கான டின்னின் மூடிக்கு அடியில் ஃபோம் துண்டு வெட்டி வைத்து, பெல்லட்டுகள் குலுங்காதபடி செய்யுங்கள். சுடுவதற்கு முந்தைய நாள் வெள்ளைத் துணியில் நூறு பெல்லட்டைப் பரப்பி, விளக்கு வெளிச்சத்தில் ஸ்கர்ட்டின் உள்வட்டத்தைப் பாருங்கள். வட்டம் முட்டை வடிவாக இருந்தாலோ விளிம்பில் சிலும்பு நின்றாலோ தனியே எடுத்துப் பயிற்சிக்கு வையுங்கள்.

மும்பைக்கென்றே ஒரு தொல்லை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரக்காற்றில் ஈயம் வெள்ளைப் பூத்துவிடும். டின் மூடி காற்றுப் புகாதது அல்ல. டின்னை சிலிகா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். மர அலமாரி வேண்டாம். மரத்திலிருந்து, அதிலும் பிளைவுட்டிலிருந்து, கசியும் அமில ஆவி ஈயத்தை இன்னும் வேகமாக அரிக்கும். வெள்ளைப் பூத்த பெல்லட்டைத் துடைத்துச் சுட நினைக்காதீர்கள். அந்தத் தூள் ஈயத்தின் உப்பு, மூச்சில் போனாலும் கையோடு வாய்க்குப் போனாலும் கேடு. இதே காரணத்துக்காக, பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு லோட் செய்யும் வழக்கத்தைப் பிள்ளையிடம் பார்த்தால் அன்றே நிறுத்துங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கை கழுவிய பிறகே டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு ஈயம் பெரியவர்களைவிட அதிகமாகத் தீங்கு செய்யும், இதில் கண்டிப்பாக இருங்கள்.

எவ்வளவு வாங்குவது? மேட்சுக்கு 60, சைட்டருக்கு (மேட்சுக்கு முன் குறி சரிபார்க்கச் சுடும் ஷாட்) 20 என்று ஒரு போட்டிக்கு 80 வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஐந்து நாள், நாளைக்கு நூறு என்று பயிற்சி செய்தால் 500 பெல்லட் கொண்ட ஒரு டின் வாரத்துக்குத் தீரும். எல்லாவற்றுக்கும் மேட்ச் பெல்லட் போடக் கட்டுப்படியாகாது, தேவையுமில்லை. அன்றாடப் பயிற்சிக்கு இரண்டாவதாக வந்த பேட்ச் போதும். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு மேட்ச் பேட்சுக்கு மாறிவிடுங்கள். பெல்லட் மாறினால் அடிபடும் இடமும் சில க்ளிக் (சைட்டைத் திருகும் படி) நகரும், அதை மேட்ச் நாளன்று சைட்டரில் கண்டுபிடிக்க வைக்கக் கூடாது. மாநிலப் போட்டி, மாவலங்கர், நேஷனல்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து மேட்ச் பேட்சில் எட்டுப் பத்து டின் எடுத்து வைத்தால் ஒரு சீசன் ஓடும். கடைக்காரரிடம் பேட்ச் எண்ணை எழுதிக் கொடுத்து, டெஸ்ட் முடியும் வரை அந்த டின்களை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், பலர் ஒப்புக்கொள்வார்கள். டெலிவரி எடுக்கும்போது ஒவ்வொரு டின்னின் பேட்ச் எண்ணையும் நீங்களே படித்துப் பாருங்கள். வேறு எண் கலந்திருந்தால் அந்த டின்னைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது நீங்கள் டெஸ்ட் செய்த பெல்லட் இல்லை.